ஏழிசை மன்னர் தியாகராஜ பாகவதர்

இளநிலை அறிவியல் (இயற்பியல்) இரண்டாம் ஆண்டு மாணவன்

மனிதனுக்கு வயது ஏற ஏறப் பல செய்திகள் மறந்துபோகின்றன. படித்த பாடம் மறக்கிறது. பழகிய முகங்கள் மறக்கின்றன. ஏன், கொடுத்த கடன்கூடச் சில வேளை மறந்துவிடுகிறது! ஆனால் இளமையில் காதில் விழுந்த பாட்டு மட்டும் மறப்பதில்லை. பல் விழுந்த பின்னும், பார்வை மங்கிய பின்னும், அந்தப் பாட்டின் ஒலி எங்கிருந்தோ மிதந்து வந்தால் முகம் மலர்கிறது. கை தானாகவே தாளம் போடுகிறது. இதை நான் நூல்களில் படித்து அறியவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கண்டறிந்தேன்.

என் பாட்டனார் 1936-ஆம் ஆண்டில் பிறந்தவர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். கொள்ளிடக் கரையிலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிச் செல்லும் மாட்டுவண்டிதான் அவருக்குப் பள்ளியும் கல்லூரியும். இரவெல்லாம் வண்டியோட்ட வேண்டும். தூக்கம் வராமலிருக்கப் பாடுவார். பாடியவை அனைத்தும் ஒரே ஒருவரின் பாட்டுகள். தள்ளாத வயதிலும் திண்ணைத் தூணில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு, எட்டாத உச்சத்தை எட்டிப் பிடிக்க முயல்வார். பாதியில் இருமல் வந்துவிடும். நான் சிரிப்பேன்; சிரித்துவிட்டு இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு என் பாட்டுகளைக் கேட்கப் போய்விடுவேன்.

பாட்டனார் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நான், நம் நூலகத்தில் ஒரு நாள் பழைய நூல் ஒன்றைப் புரட்டியபோது அவர் பாடிய பாட்டுகளுக்கு உரியவரின் வாழ்க்கையைப் படித்தேன். எம். கே. தியாகராஜ பாகவதர் என்னும் அந்த மாமனிதரின் வரலாற்றை என் சக மாணவர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயவரத்தில், 1910-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், பொற்கொல்லர் குடும்பம் ஒன்றில் தியாகராஜன் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரி. பிழைப்பை நாடிக் குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. அன்று தொட்டு இறுதி வரை திருச்சியே அவருடைய ஊராயிற்று.

சிறுவனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பட்டறையில் அமர்ந்து பொன்னை உருக்கவும் மனம் ஒப்பவில்லை. எங்கே பாட்டு ஒலிக்கிறதோ அங்கே அவன் இருப்பான். தந்தையார் கண்டித்தார். பையன் ஒரு நாள் வீட்டைவிட்டே ஓடிவிட்டான். தேடி அலைந்த குடும்பத்தார் கடைசியில் ஆந்திர நாட்டுக் கடப்பையில் அவனைக் கண்டுபிடித்தார்கள் என்றும், அங்கே ஒரு கூட்டம் சூழ்ந்து நின்று அவன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது என்றும் சொல்வார்கள். ஊர் தெரியாது, மொழி தெரியாது, ஆனாலும் பாட்டு சோறு போட்டது! பிள்ளையின் வழி எது என்பது தந்தைக்கும் அன்று விளங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு வீட்டில் தடை இல்லை.

நாடக மேடை

அந்நாளில் திருச்சியில் எப். ஜி. நடேச ஐயர் என்ற இரயில்வே அதிகாரி ஒருவர் இருந்தார். அலுவலகப் பணியோடு நாடகக் கலையையும் உயிராகப் போற்றியவர். இரசிக இரஞ்சன சபையை உருவாக்கியவர். பஜனையில் பாடிக்கொண்டிருந்த சிறுவனின் குரல் அவர் காதில் விழுந்தது. அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் கிடைத்தது. பத்து வயதுப் பாலகன் மேடையில் நின்று பாடியபோது அவை மயங்கியது.

ஆயினும் பிறவிக் குரல் மட்டும் போதாது என்பதை உணர்ந்தவர்கள் அவரை முறையான பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிடில் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் பல ஆண்டுகள் கருநாடக இசை பயின்றார். அரங்கேற்றத்தின்போது புகழ்பெற்ற கஞ்சிரா வித்துவான் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையே உடன் வாசித்து, பாகவதர் என்னும் பட்டத்தையும் சூட்டினார் என்பது இசையுலகம் சொல்லும் செய்தி. பொற்கொல்லர் வீட்டுப் பையன் பாகவதரானான்.

இங்கே அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அந்நாளைய நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருக்கும் உழைப்பாளியின் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டும். அதனால் நடிகர்கள் உயர்ந்த சுருதியில் பாடினார்கள். ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு ஏறினால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகிறது. நம் செவியோ நொடிக்கு 2,000 முதல் 5,000 வரையிலான அதிர்வுகளைத்தான் மிகக் கூர்மையாக உணரும். உச்சத்தில் கணீரென ஒலிக்கும் குரலில் இப்பகுதியைச் சேர்ந்த மேற்சுரங்கள் மிகுதி. எனவே கூட்டத்தின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு அக்குரல் கடைசி வரிசையைச் சென்று சேர்ந்தது. பாகவதரின் குரல் அத்தகைய கொட்டகையில் பிறந்து, அதற்காகவே வளர்ந்த குரல். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அவருடைய பிற்கால வாழ்வும் நமக்கு விளங்கும்.

மேடையில் அவருக்கு முன் கொடிகட்டிப் பறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. அவர் 1933-இல், முப்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார். இனி அப்படி ஒரு குரல் வருமா என்று அன்றைய பெரியவர்கள் ஏங்கியிருப்பார்கள். அடுத்த ஆண்டே தமிழ்நாடு இன்னொரு குரலுக்குச் செவி சாய்த்தது.

வெள்ளித்திரையில்

பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் பெயர் பெற்ற பவளக்கொடி நாடகம் 1934-இல் திரைப்படமாயிற்று. இயக்கியவர் கே. சுப்பிரமணியம். மூவருக்குமே அது தொடக்கப் படி. ஐம்பது பாட்டுகள் கொண்ட படம் அது! உரையாடலுக்கு இடையே பாட்டு என்றில்லாமல், பாட்டுகளுக்கு இடையே உரையாடல் என்றிருந்த காலம். பின்னணிப் பாடல் முறை அன்று பரவவில்லை. காமிராவின் முன் நின்று நடித்துக்கொண்டே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் ஒதுங்கி அமர்ந்து வாசிப்பார்கள். ஓரிடத்தில் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாடத் தெரியாதவருக்குக் கதாநாயகன் நாற்காலி இல்லை.

1937-இல் வெளிவந்த சிந்தாமணி அவரைப் புகழின் வாசலில் நிறுத்தியது. ஓராண்டுக்கு மேல் ஓடிய அப்படத்தின் வருவாயைக் கொண்டு மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே ஒரு திரையரங்கு எழுந்தது. அதே ஆண்டில் அம்பிகாபதி வந்தது. அதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். ஆயினும் அவர் எடுத்த படத்தில் பாகவதரின் தமிழ் தேனாகப் பாய்ந்தது. பின்னர் திருநீலகண்டர் 1939-இலும், அசோக்குமார் 1941-இலும், சிவகவி 1943-இலும் வெளிவந்தன. பாபநாசம் சிவன் பாட்டெழுத, ஜி. இராமநாதன் இசையமைக்க, பாகவதர் பாட, அது மூன்று ஆறுகள் கூடிய துறையாயிற்று.

புகழின் உச்சியில்

இன்று நம் சட்டைப் பையில் ஆயிரம் பாட்டுகள் இருக்கின்றன. அன்று ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டை வாங்கப் பணம் வேண்டும். அதைச் சுழற்றக் கிராமபோன் வேண்டும். ஏழைகளுக்கு ஏது அவை? டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் படம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் தட்டுகளைப் போடுவார்கள். காசில்லாதவர்கள் வேலிக்கு வெளியே வரப்பில் அமர்ந்து கேட்பார்கள். என் பாட்டனாரின் இசைக் கல்லூரி அந்த வரப்புத்தான். பாகவதர் படங்கள் வெளிவந்து பல ஆண்டுகள் கழித்தும் டூரிங் கொட்டகைகளில் மீண்டும் மீண்டும் ஓடின. ஆதலால் 1944-இல் எட்டு வயதுப் பாலகனாக இருந்தவரும் பின்னர் வாலிபத்தில் அப்பாட்டுகளைத் தம்முடையவையாக்கிக் கொள்ள முடிந்தது.

பாட்டோடு நிற்கவில்லை பாகவதர் மோகம். தோளைத் தொடும் அவருடைய சிகைக்குப் பாகவதர் கிராப் என்றே பெயர் வந்தது. நாட்டுப்புறத்து இளைஞர்கள்கூட முடியை வளர்த்து எண்ணெய் தடவி வாரிவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், பொன்னிற மேனி! அவர் வருகிறார் என்றால் இரயில் நிலையங்களில் கால் வைக்க இடமிராது. அன்றைய வீட்டுப் பெரியவர்கள் இதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்று நம்முடைய சிகையலங்காரத்தைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளிக்கும்போது, அவர்களுடைய பெரியவர்கள் சுளித்த முகங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்!

1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரால் கச்சா பிலிம் பஞ்சம் ஏற்பட்டு, படத்தின் நீளம் 11,000 அடிக்குள் அடங்க வேண்டும் என்று அரசு கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. குறுகிய நீளத்தில் நிறைந்த சுவை. செல்வச் செருக்கால் பெற்றோரை உதாசீனம் செய்த மைந்தன் துன்பத்தில் விழுந்து, திருந்தி, அவர்களுக்குத் தொண்டு செய்து உயரும் கதை. சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது.

இருள் சூழ்ந்த நாள்கள்

ஆனால் அந்த மூன்றில் இரண்டு தீபாவளிகளை அதன் நாயகன் காணவில்லை. ஹரிதாஸ் வெளிவந்த மறுமாதம், 1944 நவம்பர் 8-ஆம் நாள், நடிகர்களின் சொந்த வாழ்வைப் பற்றி எழுதிவந்த பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் உயிர் நீத்தார். டிசம்பரில் பாகவதரும், நகைச்சுவை மன்னர் என். எஸ். கிருஷ்ணனும், இயக்குநர் சிரீராமுலு நாயுடுவும் கைது செய்யப்பட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகள் முன் வழக்கு நடந்தது. நாயுடு விடுதலையானார். 1945 மே மாதத்தில் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள்! திரையரங்கில் நாள்தோறும் கூட்டம் அலைமோதுகிறது. திரையில் பாகவதர் குதிரைமீது அமர்ந்து பாடுகிறார். கொட்டகையே கையொலியால் அதிர்கிறது. அதே வேளையில் அக்குரலுக்கு உரியவர் கம்பிகளுக்குப் பின்னால் கைதி உடையில் அமர்ந்திருக்கிறார். நிழலுக்கு மாலை, நிஜத்துக்கு விலங்கு. விதியின் விளையாட்டை இதைவிடக் கொடிதாக எந்தக் கதாசிரியர் எழுதிவிட முடியும்?

மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அங்கிருந்து வழக்கு மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முடிவில், 1947 ஏப்ரல் 25-ஆம் நாள், இருவரும் குற்றமற்றவர்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஏறத்தாழ முப்பது மாதச் சிறை வாழ்வு முடிந்தது. கைக்கு வந்திருந்த படங்கள் கைநழுவிப் போயிருந்தன. சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதி வழக்கில் கரைந்திருந்தது.

மாறிய காதுகள்

வெளியே வந்தபோது பாகவதருக்கு வயது முப்பத்தேழுதான். குரல் போய்விடவில்லை. பிறகு ஏன் அவர் மீண்டும் எழவில்லை? சிறைதான் அவரை அழித்தது என்று பலர் கூறுவர். அது பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரோடு சிறையிருந்த கிருஷ்ணன் வெளியே வந்து நல்லதம்பி, மணமகள், பணம் என்று மீண்டும் வெற்றி நடை போட்டாரே!

மாறியது பாகவதரின் குரல் அன்று, கேட்போரின் காதுகள். அவர் உள்ளே இருந்த காலத்திலும் அதைத் தொடர்ந்தும் தமிழ்த்திரை அடியோடு மாறியது. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியது. பாடத் தெரியாதவரும் நாயகனாகலாம் என்றாயிற்று. நல்ல மைக்குகள் வந்தன; காதோடு பேசுவது போல மெல்லப் பாடினாலே போதும் என்றாயிற்று. கடைசி வரிசைக்காக உச்சத்தில் பாட வேண்டிய தேவை ஒழிந்தது. 1949-இல் அறிஞர் அண்ணாவின் வேலைக்காரியும், 1952-இல் கலைஞரின் பராசக்தியும் வந்தன. மக்கள் பாட்டுக்காக அன்றி வசனத்துக்காகக் கொட்டகைக்குப் போனார்கள். புராணக் கதைகளைவிடத் தங்கள் வறுமையையும் கோபத்தையும் திரையில் காண விழைந்தார்கள். அது காலத்தின் தேவை. அதில் குறை காண இடமில்லை. ஆனால் பாகவதர் அந்தக் காலத்தின் மனிதரல்லர்.

1948-இல் இராஜமுக்தி வந்தது, வெற்றி கிட்டவில்லை. 1952-இல் அமரகவியும் சியாமளாவும் வந்தன. பழைய அலை எழவில்லை. 1957-இல் தாமே இயக்கிப் புதுவாழ்வு எடுத்தார். பெயரில் இருந்த புதுவாழ்வு கையில் கிட்டவில்லை. அதே ஆண்டில்தான் அம்பிகாபதி கதை மறுபடியும் படமாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் பாகவதர் நின்று பாடிய வேடத்தில் சிவாஜி கணேசன் நடித்தார். இசை, பாகவதருக்குச் சிவகவியிலும் ஹரிதாசிலும் இசையமைத்த அதே ஜி. இராமநாதன். பாடியவரோ டி. எம். சௌந்தரராஜன். பாகவதரின் பாட்டுகளைக் கேட்டு, அவர் போலவே பாடிப் பாடிப் பழகி, திரையுலகில் நுழைந்த மதுரை இளைஞர் அவர். தம் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளையே தம் இடத்தில் நிற்பதைப் பாகவதர் கண்டார். மரம் சாய்ந்தாலும் அதன் விதை முளைத்துவிட்டது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். சாய்ந்த மரத்துக்கு அந்த ஆறுதல் போதுமா என்பதை யாரறிவார்?

ஆனால் ஒன்று. அவரை இளமையில் கேட்டவர்கள் அவரைக் கைவிடவில்லை. கச்சேரி மேடைகளில் அவர் பாடிக்கொண்டே இருந்தார். அவர்கள் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நரைத்த தலைகள் அந்தக் குரலில் தங்கள் கருத்த தலைமுடியின் காலத்தைத் தேடின. புதிய காதுகளைக் கவர முடியாமற்போன குரல், பழைய உள்ளங்களில் ஆட்சி செய்தது.

இறுதி நாள்கள்

நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவரை வாட்டின. கண்ணொளியும் மங்கியதென்பர். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கண்ணிழந்த குணாளனாக அசோக்குமார் படத்தில் நடித்து நாட்டையே அழவைத்தவருக்கு இப்படியும் ஒரு சோதனை! 1959 நவம்பர் முதல் நாள், சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் ஆவி பிரிந்தது. வயது நாற்பத்தொன்பது. கடைசிப் படமான சிவகாமி அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது. வாழ்நாளில் அவர் நடித்தவை பதினான்கே படங்கள்.

உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அன்று இருபத்துமூன்று வயது இளைஞரான என் பாட்டனார் வாழைத்தாரை மார்க்கெட்டில் இறக்கியவர், வண்டியையும் மாட்டையும் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக இறுதி ஊர்வலத்தில் நடந்தாராம். அந்தக் கதையை அவர் எத்தனையோ முறை சொல்லத் தொடங்கியிருக்கிறார். ஒரு முறைகூட நான் முழுதாகக் கேட்டதில்லை. ஊர்வலம் எந்தத் தெரு வழியாகச் சென்றது, யாரெல்லாம் அழுதார்கள், அன்றிரவு ஊர் திரும்பும்போது அவர் பாடினாரா, பேசாமல் வண்டியோட்டினாரா என்பதெல்லாம் அவரோடு போய்விட்டன. பாகவதர் வரலாறு எழுத நூல்கள் இருக்கின்றன. என் பாட்டனார் வரலாறு எழுத எந்த நூலைப் புரட்டுவேன்?

நிறைவாக

இக்கட்டுரை எழுதத் தொடங்கிய நாளில், கைப்பேசியில் ஹரிதாஸ் பாட்டு ஒன்றைத் தேடியெடுத்து எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒலிக்கவிட்டேன். பாட்டி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின் ஓசை நின்றது. பாட்டு முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை. முடிந்ததும், இன்னொரு முறை போடச் சொல்லிக் கையால் காட்டினார். என் பாட்டனார் பாடியபோது எனக்குக் கேட்டது ஒரு கிழவரின் தளர்ந்த குரல். அவருக்குக் கேட்டது நிலவொளியில் சலங்கை குலுங்க வண்டியோட்டிய இருபது வயது இளைஞனின் குரல். பாட்டியும் அன்று அந்தக் குரலைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

நண்பர்களே! இன்று நாம் கொண்டாடும் பாட்டுகளும் ஒரு நாள் பழையன ஆகும். நம் பேரப்பிள்ளைகள் அவற்றைக் கேட்டுச் சிரிப்பார்கள். பாகவதரை வென்றவர்களையும் காலம் வென்றது, நம்மவர்களையும் வெல்லும். ஆதலால் வீட்டில் ஒரு முதியவர் பழைய பாட்டை முணுமுணுத்தால், காதிலுள்ளதைக் கழற்றிவைத்துவிட்டு அருகே அமருங்கள். யார் பாடியது, எங்கே கேட்டீர்கள், அப்போது உங்களுக்கு என்ன வயது என்று கேளுங்கள். அவர் சொல்லப்போவது பாட்டின் கதையன்று. தம் இளமையின் கதை. அதைக் கேட்க நமக்கு உள்ள காலம் மிகக் குறைவு.

வாழ்க ஏழிசை மன்னரின் புகழ்! வாழ்க அவரைப் பாடி வழிநடந்த எளியோரின் நினைவு!